எச்சரித்த எழுதுகோல்

நாளிதழில் நாம் படிக்கும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. நிகழ்விடத்திற்குச் சென்று, உரியவர்களிடம் கேட்டு, உண்மையை உறுதிசெய்து எழுதுபவரைச் செய்தியாளர் என்கிறோம். நிருபர் என்றும் கூறுவர். நடந்ததைப் பிழையின்றித் தெரிவிப்பது அவருடைய கடமை. வரவிருக்கும் தீங்கை முன்னரே உணர்ந்து மக்களை எச்சரிப்பதும் அவருடைய கடமையே. அக்கடமையைச் செய்தவர்களுள் ஒருவர் போபால் நகரின் மூத்த செய்தியாளர் ராஜ்குமார் கேஸ்வானி. நல்ல செய்தியாளருக்கு வேண்டிய பண்புகளை அவருடைய பணியின் வழியே அறிந்துகொள்வோம்.

காரணம் தேடும் மனம்

மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலை இயங்கி வந்தது. 1981ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்குப் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு தாக்கித் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அவர் கேஸ்வானியின் நண்பர். ஆலை விபத்தில் ஒருவர் இறந்தார் என்று நான்கு வரிகள் எழுதினால் அந்த நாளின் செய்தி முடிந்துவிடும். கேஸ்வானி அவ்வாறு முடிக்கவில்லை. அந்த வாயு எப்படி வெளிப்பட்டது? மீண்டும் வெளிப்பட்டால் என்ன ஆகும்? ஆலைச் சுவருக்கு வெளியே வாழும் மக்களுக்கு என்ன பாதுகாப்பு உண்டு? இவ்வினாக்களுக்கு அவர் விடை தேடத் தொடங்கினார். சிறு நிகழ்வின் பின்னே மறைந்திருக்கும் பெரிய காரணத்தைத் தேடுவது செய்தியாளரின் முதற்பண்பு.

கற்றுக்கொள்ளும் உழைப்பு

கேஸ்வானி வேதியியல் வல்லுநர் அல்லர். ஆயினும், தாம் எழுதப்போகும் பொருளைத் தாமே கற்றுக்கொண்டார். பாஸ்ஜீன் முதல் உலகப்போரில் படைக்கருவியாகப் பயன்பட்ட வாயு. அந்த ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்னும் மற்றொரு நச்சுப்பொருளும் பெரிய தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. இவ்விரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது. அதனால் வெளியேறினால் மேலே எழுந்து விரைவில் கலைந்துவிடாது. நிலத்தை ஒட்டியே பரவும். ஆலைக்கு எதிரிலேயே ஜெயப்பிரகாஷ் நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகள் இருந்தன. வாயுவின் தன்மையையும் குடியிருப்புகளின் இருப்பிடத்தையும் சேர்த்துப் பார்த்தபோது ஆபத்தின் அளவு அவருக்கு விளங்கியது. செய்தியாளர் எல்லாத் துறைகளிலும் வல்லவராக இருத்தல் இயலாது. ஆனால், தெரியாததைக் கற்க அவர் தயங்கலாகாது.

தீர விசாரித்தல்

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பழமொழி. ஒருவர் கோபத்தில் சொன்ன குற்றச்சாட்டை அப்படியே அச்சிடுவது செய்தி ஆகாது. அதே செய்தியை வேறொருவரிடமும் கேட்க வேண்டும். ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் பெற வேண்டும். கேஸ்வானி ஆலையின் இயக்கத்தை அறிந்த தொழிலாளர்களைச் சந்தித்தார், தகவல்களைத் திரட்டினார். அந்தத் தொழிலாளர் இறந்து ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கழிந்த பின்னரே முதற்கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதம் அமெரிக்கத் தலைமை நிறுவனத்திலிருந்து வந்து ஆலையைப் பார்வையிட்ட வல்லுநர்களும் பாதுகாப்புக் குறைகள் பலவற்றைச் சுட்டியிருந்தனர். எனவே, அவருடைய அச்சம் வெறுங்கற்பனை அன்று.

மக்கள் மொழியில் எழுதுதல்

கேஸ்வானி ‘ரபட்’ என்னும் சிறிய இந்தி வார இதழை நடத்தி வந்தார். ரபட் என்றால் அறிக்கை என்று பொருள். இந்தி வழங்கும் ஊர்களில் வாழும் மாணவர்கள் இச்சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1982ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் முதற்கட்டுரை வெளிவந்தது. அக்டோபரில் மேலும் இரண்டு கட்டுரைகள் வந்தன. அவற்றுள் ஒன்று, எரிமலையின் வாயில் போபால் அமர்ந்திருக்கிறது என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்டிருந்தது. வேதிப்பொருளின் பெயர் தெரியாதவருக்கும் எரிமலையின் கொடுமை தெரியும் அல்லவா? யாருடைய உயிருக்கு ஆபத்து இருந்ததோ அவர்களுக்குப் புரியும் மொழியில் அவர் எழுதினார்.

விடாமுயற்சி

கட்டுரைகளை ஆட்சியாளர் பொருட்படுத்தவில்லை. கேஸ்வானி முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பயன் விளையவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் மாநிலச் சட்டமன்றத்தில் ஆலையைப் பற்றிய வினா எழுந்தபோது, நகருக்கு ஆபத்து எதுவும் இல்லை என்றே அரசின் தரப்பில் விடை கூறப்பட்டது. பொருள் வசதியின்மையால் ரபட் இதழும் நின்றது. தம்முடைய இதழ் நின்றபோதும் அவர் வாய் மூடவில்லை. 1984 ஜூன் மாதம், தில்லியை இடமாகக் கொண்ட ‘ஜன்சத்தா’ நாளிதழில் அதே எச்சரிக்கையை மீண்டும் எழுதினார். அப்பொழுதும் எவரும் செவிசாய்க்கவில்லை.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்ததால் கடும் வேதிவினை நிகழ்ந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் கருவி முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்து அழிக்கும் கோபுரமும் அன்று இயங்கும் நிலையில் இல்லை. ஏறத்தாழ 40 டன் நச்சு வெளியேறி உறங்கிக்கொண்டிருந்த மக்களைச் சூழ்ந்தது. உடனடியாக இறந்தோர் 2,259 பேர் என்று அரசு கணக்கிட்டது. பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு என்று பாதிக்கப்பட்டோர் கூறுகின்றனர். உடல்நலம் கெட்டவர்கள் 5 லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள்.

பொறுப்புணர்வு

1985இல் கேஸ்வானிக்கு இதழியலுக்கான கோயங்கா விருது வழங்கப்பட்டது. தாம் எழுதியது உண்மையானதை எண்ணி மகிழக்கூடிய வெற்றி அன்று அது. தம் சொல் பொய்யாகிப் போயிருந்தால் ஆயிரக்கணக்கானோர் உயிருடன் இருந்திருப்பர் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? அவர் அதன் பின்னரும் அச்சு ஊடகத்திலும் தொலைக்காட்சியிலும் பல்லாண்டுகள் பணியாற்றினார். பழைய இந்தித் திரைப்படங்களையும் இசையையும் பற்றிச் சுவைபட எழுதினார். 2021இல் மறைந்தார்.

மாணவர்களே! ஒரு சிறிய வார இதழ் உண்மையைச் சொன்னது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. எழுதுபவரின் உழைப்பு படிப்பவரின் அக்கறையோடு சேர்ந்தால்தான் உயிர்களைக் காக்கும். நீங்கள் வாழும் ஊரின் நாளிதழிலும் விரிசல் விட்ட பாலம், மூடப்படாத சாக்கடை, புகை கக்கும் ஆலை ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் உள்பக்கத்தின் ஓரத்தில் வெளிவருகின்றன. அவற்றைக் கடந்துசெல்லாமல் நின்று படியுங்கள். அடுத்து என்ன செய்யப்பட்டது என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

பயிற்சி

1. அந்தத் தொழிலாளரின் இறப்புக்குப் பின் கேஸ்வானி எழுப்பிய வினாக்கள் யாவை?
2. நச்சு ஆவி காற்றைவிடக் கனமாக இருந்தது ஏன் பேராபத்தாயிற்று?
3. ஒரு தகவலைச் செய்தியாளர் எவ்வெவ்வழிகளில் உறுதிசெய்ய வேண்டும்?
4. உங்கள் நகரின் நாளிதழில் வந்த சிறு செய்தி ஒன்றைத் தேர்ந்து, அதைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதுக. அதை எழுதிய செய்தியாளரிடம் நீங்கள் கேட்க விரும்பும் மூன்று வினாக்களையும் எழுதுக.