பெண்கள் மட்டுமே மோதும் களம்: ஆர்க்கானா ஹார்ட்

ஜப்பானிய நகரங்களில் ‘கேம் சென்டர்’ என்று வழங்கும் விளையாட்டுக் கூடங்களுக்காக 2006ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘ஆர்க்கானா ஹார்ட்’, ஆடுவோர் தேர்ந்துகொள்ளும் 11 போராளிகளும் பெண்களாகவே அமைந்த சண்டை விளையாட்டாகும். சண்டை விளையாட்டு என்பது, காசு போட்டு ஆடும் எந்திரத்தில் இருவர் தத்தமக்கென ஒரு பாத்திரத்தைத் தேர்ந்து, கைப்பிடியாலும் சில பொத்தான்களாலும் அதனை இயக்கி, எதிராளியின் எஞ்சிய ஆற்றலைக் காட்டும் பட்டை வெறுமையாகும்வரை மோதும் ஆட்டவகை. ‘சாமுராய் ஷோடவுன்’ என்னும் புகழ்பெற்ற வாட்போர்த் தொடரின் ஐந்தாம் பாகத்தை உருவாக்கிய யூகி எண்டர்பிரைஸ் என்ற சிறு நிறுவனமே இதனையும் படைத்தது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் தன் பெயரை எக்ஸாமு என மாற்றிக்கொண்டது.

இந்த விளையாட்டின் தனித்தன்மையை உணர, இவ்வகை ஆட்டங்களில் பெண்களுக்கு அதுவரை கிடைத்த இடத்தை நோக்க வேண்டும். கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்டு உலகெங்கும் பரவிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தில் தேர்ந்துகொள்ளத்தக்க எட்டுப் பேரில் பெண் ஒருத்தியே. தந்தையின் சாவுக்கு நீதி தேடும் சுன்-லீ என்ற அந்தச் சீனப் பெண், மல்லர், படைவீரர், யோகி எனத் தொழிலாலும் நாட்டாலும் வேறுபட்ட ஏழு ஆண்களின் நடுவே, முதலில் ‘பெண்’ என்றே அடையாளம் காணப்பட்டாள். ஒருத்தி மட்டுமே இருக்கும் இடத்தில் அவளுடைய வேகமும் உடல்வாகும் கோபமும் அவளுக்கே உரிய இயல்புகளாக அன்றிப் பெண்பாலின் இயல்புகளாகவே எண்ணப்படுவது தவிர்க்க இயலாதது. பின்னர் வந்த ஆட்டங்கள் இருவர், மூவர் எனப் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டின. 1994இல் எஃப்எம் டவுன்ஸ் என்ற வீட்டுக் கணினிக்கு வந்த ‘அசுகா 120%’, ஒரு பெண்கள் பள்ளியின் மன்றங்கள் தமக்குரிய நிதிக்காக மோதுவதாகக் கதை அமைத்து, களத்தை முற்றிலும் பெண்களுக்கே தந்தது.

எல்லாரும் பெண்களாக இருக்கும்போது, பெண்ணாக இருப்பது எவரையும் வேறுபடுத்தும் அடையாளமாக இருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தின் வேறுபாட்டையும் படைப்பாளர் வேறெங்காவது தேடியே ஆகவேண்டும். ஆர்க்கானா ஹார்ட் ஈட்டிய உண்மையான வெற்றி இதுவே. அதன் களத்தில் முனைப்பு மிக்க பள்ளி மாணவியான ஹார்ட் ஐனோ, கோயில் பணிப்பெண்ணான மவோரி, நெடுந்துயிலிலிருந்து விழித்தெழுந்த வாள்வீராங்கனை கமுய், சீனத் தற்காப்புக் கலை பயின்ற இயந்திரப் பெண் மெய்-ஃபாங், பொம்மையொன்றைத் துணைகொண்டு போரிடும் லீசலோட்டே, பாகு போன்ற ஓர் உருவத்தின்மேல் அமர்ந்துவரும் அறிவுக்கொழுந்தான சிறுமி கிரா ஆகியோர் நிற்கின்றனர். வலிமை மிக்கவள், மெல்ல நகர்பவள், தொலைவிலிருந்து தாக்குபவள் என, பிற ஆட்டங்களில் பெரும்பாலும் ஆண்களுக்கே ஒதுக்கப்பட்ட பங்குகள் அனைத்தும் இங்குப் பெண்களிடமே பகிரப்பட்டுள்ளன.

ஆட்டத்தின் பெயரிலுள்ள ‘ஆர்க்கானா’, மறைபொருள்கள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இங்கு அது நெருப்பு, நீர், காற்று, மண், மின்னல், காலம், அன்பு முதலியவற்றுக்குரிய தெய்வ ஆவிகளைக் குறிக்கிறது. காலத்தின் ஆவிக்கு ‘அனுத்பாதா’ என்று பெயரிட்டிருப்பது கவனத்துக்குரியது, ஏனெனில் அது தோன்றாமையைக் குறிக்கும் பௌத்த தத்துவத்தின் வடமொழிச் சொல். ஆடுபவர் போராளியைத் தேர்ந்த பின் ஆர்க்கானாவையும் தனியே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், 11 போராளிகளும் 11 ஆவிகளும் இணைந்து 121 சேர்க்கைகள் உருவாகின்றன. ஒரே போராளியைக் கையாளும் இருவர்கூட வெவ்வேறு ஆவிகளைத் துணைக்கொண்டு வெவ்வேறு உத்திகளை வகுக்க முடிந்தது.

இதனினும் துணிவான புதுமை ‘ஹோமிங்’ எனப்பட்ட இயக்கமாகும். வழக்கமான சண்டை விளையாட்டில் போரின் உயிர்நாடி இடைவெளியே: தொலைவிலிருந்து எறிந்து தாக்குபவர் எதிராளியை நெருங்கவிடாமல் காப்பார், நெருங்க விரும்புபவர் அடியடியாக முன்னேறுவார். ஆர்க்கானா ஹார்ட்டிலோ, வலுக்குறைந்த, நடுத்தர, வலுமிக்க அடிகளுக்குரிய மூன்று பொத்தான்களோடு ஹோமிங்குக்கெனத் தனிப்பொத்தான் ஒன்றும் உண்டு. அதனை அழுத்தியதும் போராளி, எதிராளி தரையில் இருந்தாலும் வானில் இருந்தாலும், அவளை நோக்கித் தானாகவே பாய்கிறாள். அடி பட்ட நொடியில் சேமித்த ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிட்டு இதனைப் பயன்படுத்தினால், அடித்தபின் நேரும் தடுமாற்றம் நீங்கி, தூக்கியெறியப்பட்ட எதிராளியைத் தொடர்ந்து விரட்டித் தாக்கலாம். இதனால் இடைவெளி தரும் பாதுகாப்பு குறைந்து, போர் உயரமான வான்வெளிக்குப் பரவியது. எனினும் பாய்பவள் எங்கே வருவாள் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம் என்பதால், காத்திருந்து எதிரடி கொடுக்கும் கலைக்கும் அங்கே இடம் இருந்தது.

குறையும் உண்டு. அழகும் குழந்தைத்தனமும் கலந்த கற்பனைப் பாத்திரங்கள்மீது கொள்ளும் பற்றை ஜப்பானியர் ‘மொஎ’ என்பர். அப்பற்றுடைய இளைஞர்களை ஈர்க்கும் வணிக நோக்கமே இப்பெண்களின் தோற்றத்தையும் உடையையும் பெருமளவு தீர்மானித்தது. பெண்களைக் களத்தின் நடுவில் நிறுத்திய விளையாட்டு, அவர்களை ஆண்களின் பார்வைக்கேற்ப வரைந்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானது; அதனை மறைத்து இதனைப் பெண்விடுதலைப் படைப்பாகப் போற்றுவது பிழையாகும். ஆயினும் தோற்றத்தை மட்டும் கண்டு ஒதுக்குவோர், அத்தோற்றத்தின் அடியில் நுட்பமாக இயங்கும் போர்விதிகளைக் காணத் தவறுகின்றனர்.

ஜப்பானியக் கூடங்களில் தொடங்கிய இவ்விளையாட்டை 2007இல் ‘பிளேஸ்டேஷன் 2’ என்ற விளையாட்டுக் கருவி வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. மறு ஆண்டு அட்லஸ் நிறுவனம் அதனை வட அமெரிக்காவில் வெளியிட்டது. கூடங்களுக்கு 2009இல் வந்த மூன்றாம் பாகத்தில் போராளிகள் 23 ஆகவும் ஆர்க்கானாக்கள் 23 ஆகவும் பெருகியதால் சேர்க்கைகளின் எண்ணிக்கை 529ஐ எட்டியது. அந்த 23 பேரிலும் ஆண் ஒருவர்கூட இல்லை.