எழுத்துகள் எங்கும் போகவில்லை: புதிய உபுண்டுத் திரைக்குப் பழகுவது எப்படி?

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, கொம்பியூட்டருக்குள்ள இருந்ததெல்லாம் போட்டுது. தமிழ் ஒண்டும் இல்லை, எல்லாம் ஆங்கிலத்தில என்னவோ கிறுக்கின மாதிரிக் கிடக்கு" என்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

அவர் தன்னுடைய மகனைத் தேடுபவர். தன்னைப் போன்ற பல தாய்மாரின் விபரங்களையும் அந்தக் கணனியில் சேர்த்து வைத்திருப்பவர். 2010 இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலம், பின்னர் பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, காணாமல் போனோர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள் என எல்லாவற்றின் பிரதிகளும் அதில்தான் இருந்தன. கடைசிச் சண்டையில் வீட்டோடு கடதாசிகளையும் இழந்தவர்களுக்கு, மறுபடி எழுதிச் சேர்த்த இந்தக் கோப்புகள் வெறும் கோப்புகள் அல்ல.

நடந்தது இதுதான். அந்தக் கணனியில் உபுண்டு 20.04 இருந்தது. அந்தப் பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததால், உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர் ஆவணங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, கணனியைத் துடைத்து 24.04 ஐப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். நல்ல வேலைதான். ஆனால் அவர் போன பிறகு அம்மா பார்த்த திரை, அவர் ஐந்து வருடமாகப் பழகிய திரை அல்ல.

நான் நேரில் போய்ப் பார்த்தபோது ஒரு கோப்பும் அழிந்திருக்கவில்லை. மூன்று விடயங்கள் மட்டும் இடம்மாறியோ இல்லாமலோ இருந்தன. வின்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றதால், வின்டோஸ் 11 ஏறாத பழைய கணனிகளோடு லினக்ஸ் பக்கம் வருகிறவர்களுக்கும் இவை பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, லிப்ரே ஒபிஸ் அங்கே இல்லை. முந்திய பதிப்புகளில் வழமையாக நிறுவினாலே அது கூட வந்துவிடும். 24.04 இல் நிறுவும்போது இரண்டு தெரிவுகள் காட்டப்படுகின்றன. முன்னதாகவே தெரிவாகியிருப்பது குறைந்த மென்பொருள்கள் கொண்டது. அதில் உலாவியும் சில அடிப்படைக் கருவிகளும்தான் உண்டு. விரிவான தெரிவை நாமாகச் சொடுக்கினால்தான் லிப்ரே ஒபிஸ் வரும். தவறவிட்டாலும் பாதகமில்லை, ஆப் சென்டரில் தேடிப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் இணைய டேட்டாவுக்கு எண்ணி எண்ணிக் காசு கட்டுகிற வீட்டில் இது ஒரு தேவையற்ற செலவு.

இரண்டாவதுதான் அம்மாவை அழவைத்தது. அவருடைய ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. நம்மில் பலருக்கு இன்றும் கைவசம் இருப்பது பாமினிதான். ஆனால் பாமினியில் எழுதிய கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்து இல்லை. 'தமிழ்' என்று நாம் பார்க்கும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே வரவேண்டிய இடத்தில் 'த' என்ற உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணனியில் முகமூடி கழன்றதுபோல ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரியும். பழைய எழுத்துருக் கோப்பு பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் மறைவாக இருந்திருக்கிறது. ஆவணங்களை மட்டும் பிரதியெடுத்த இளைஞருக்கு அது கண்ணில் படவில்லை.

தீர்வு சுலபம். பழைய வின்டோஸ் கணனி ஒன்றிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள், முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஃபொன்ட்ஸ் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயராக இட்டு ஒரு கோப்புறையை உருவாக்குங்கள். பெயரிட்டவுடன் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். பதற வேண்டாம், புள்ளியில் தொடங்கும் பெயர்கள் லினக்ஸில் மறைந்தே இருக்கும். கொன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் தெரியும். அதற்குள் எழுத்துருவைப் போட்டு, லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் சரி. முதல் வாக்குமூலம் தமிழில் விரிந்தபோது அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோட்டுக்கு, மாற்றி இன்னொரு பிரதி வைத்திருப்பதே பாதுகாப்பு. மூலக் கோப்பை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்தவும் வேண்டும். பாமினியில் 'ர்' எழுதுவதற்குப் பலர் அரவு போட்டு அதன்மேல் குற்று வைத்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லா மாற்றிகளும் அதைப் புரிந்துகொள்ளும் என்றில்லை. ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பிறகு தேடும்போது அந்த ஆள் அகப்படமாட்டார்.

இணையத்தில் உள்ள மாற்றிகளில் வாக்குமூலங்களை ஒட்டும் முன்பு யோசியுங்கள். சில பக்கங்கள் மாற்றும் வேலையை உங்கள் உலாவிக்குள்ளேயே செய்கின்றன, சில வெளியே அனுப்புகின்றன. பக்கத்தைத் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மாற்றித் தந்தால் அது முதல் வகை. வேலை முடிந்து பக்கத்தை மூடிய பிறகே இணைப்பைத் திரும்பக் கொடுங்கள்.

மூன்றாவது, தமிழ் விசைப்பலகை. 20.04 இல் இது அமைப்புகளுக்குள் பிரதேசமும் மொழியும் என்ற பகுதியில் இருந்தது. இப்போது விசைப்பலகை என்ற பகுதிக்குப் போய்விட்டது. ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், அங்கே தமிழுக்குப் பல வரிசைகள் தெரியும். தமிழ்99 உண்டு, உச்சரிப்பு முறை உண்டு, ரங்கநாதன் வரிசையும் உண்டு. பாமினியில் ரைப் பண்ணிப் பழகிய விரல்களுக்கு ரங்கநாதன்தான் கிட்டியது, இரண்டும் பழைய தட்டச்சுப் பொறியின் வழி வந்தவை. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற, சுப்பர் விசையோடு (வின்டோஸ் அடையாளம் போட்ட விசை) இடைவெளி விசையை அழுத்த வேண்டும்.

மற்றவை எல்லாம் கண் பழகினால் போதும் என்ற வகை. இடது மேல்மூலையில் செயற்பாடுகள் என்று எழுதியிருந்த பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறு நீள்வட்டக் குறியும் புள்ளிகளும் இருக்கின்றன. அழுத்தினால் அதே வேலைதான். மேலும் கீழுமாக இருந்த பணியிடங்கள் இப்போது பக்கவாட்டில் நகர்கின்றன. வலது மேல்மூலையில் வைபை, ஒலி, வெளிச்சம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் பொத்தான்களாக வருகின்றன. எதுவும் அகப்படாவிட்டால் சுப்பர் விசையைத் தட்டிவிட்டு மென்பொருளின் பெயரை எழுதுங்கள், எந்தப் பதிப்பிலும் அது கைவிடாது. இடப்பக்கப் பட்டை பிடிக்காவிட்டால் அமைப்புகளில் உபுண்டு டெஸ்க்ரொப் என்ற பகுதியில் கீழே இறக்கலாம், படங்களைப் பெரிதாக்கலாம். வயதானவர்களின் கணனியில் நான் முதலில் செய்வது அதுதான்.

இப்படித் திரையை மாற்றிவிட்டுப் பயனரைத் தடுமாறவைப்பது லினக்ஸ் உலகத்துக்குப் புதிதல்ல. 2011 ஏப்ரலில் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற புதிய முகத்தோடு வந்தபோது கோபித்துக்கொண்டு போனவர்கள் பலர். அதே மாதம் வெளியான க்னோம் 3 ஐப் பார்த்து, லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டொர்வால்ட்ஸ் கூட எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைக்கு மாறினார், பிற்பாடு திரும்பியும் வந்தார். யூனிட்டிக்குப் பழகியவர்களுக்கு 2017 இல் அதுவும் கைவிடப்பட்டது. உருவாக்குகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் இருக்கும். ஆனால் கிளிநொச்சியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு எது எங்கே போனது என்று சொல்வது அவர்களுடைய பட்டியலில் இல்லை. இது என் குறை.

மாறத்தான் வேண்டுமா என்று கேட்டால், உடனே என்றில்லை. உபுண்டு புரோ என்ற சேவையில் பதிந்தால் தனிப்பட்டவர்களுக்கு ஐந்து கணனிகள் வரை இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் நீடிக்கும். பதிப்பு வெளியானதிலிருந்து மொத்தம் பத்து வருடங்கள். 20.04 இல் பழகியவர்கள் 2030 வரை அதிலேயே இருக்கலாம். கணனி பழையது, நினைவகம் நாலு ஜிபியோ அதற்குக் குறைவோ என்றால் சுபுண்டு அல்லது லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது. மின்டின் அந்தப் பதிப்பு வின்டோஸ் போன்ற தோற்றத்திலேயே பெரும்பாலும் நிற்கிறது. எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். தமிழ் விசைப்பலகை சரிவருகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாற்றுகிற நாளில் ஆவணங்களை மட்டுமல்ல, மறைந்திருப்பவை உட்பட வீட்டுக் கோப்புறை முழுவதையும் பிரதியெடுங்கள். அதுவும் இரண்டு இடங்களில். பழைய பதிப்பின்மேல் புதியதை ஏற்றும்போது இடைநடுவில் கரண்ட் போனால் கணனி எழும்பாமலே போகலாம். மடிக்கணனி என்றால் மின்கலம் நிறைந்திருக்கட்டும், மேசைக் கணனி என்றால் யூபிஎஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

அம்மா இப்போது ரங்கநாதன் வரிசையில் ரைப் பண்ணுகிறார். சென்ற மாதம் போனபோது நூற்றுப் பதினேழு கோப்புகளில் நாற்பதை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்திருந்தார். பென் டிரைவ்கள் இரண்டு. ஒன்று அவரிடம், மற்றது வவுனியாவில் இருக்கும் தங்கையிடம்.