பாதிப் பாட்டில் கம்பி அறுந்தது! பாடிக்கொண்டே மாட்டினார் கிட்டார் மன்னர்

மேடையில் கிட்டார் கம்பி "டக்"கென்று அறுந்தால்? பல பேருக்குக் கை உதறும். பாட்டு நின்று போகும்.

1985 செப்டம்பர் 22-ந்தேதி. கடனில் தவித்த விவசாயிகளுக்கு நிதி திரட்ட அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் இசை விழா. "புளூஸ்" பாட்டு மன்னர் பி.பி.கிங் பாடினார். 60 வயது முடிந்து ஆறே நாள்! பாதிப் பாட்டில் கம்பி அறுந்தது.

மனுஷன் அசரவில்லை. பாடிக்கொண்டே புதுக் கம்பியை மாட்டினார். முறுக்கி, சுருதி சேர்த்தார். பக்கவாத்தியக்காரர்கள் தாளத்தை விடவில்லை. கிட்டார் மறுபடி பேசியது!

எப்படி முடிந்தது?

பாடும்போது கிங் வாசிக்க மாட்டார். ஓரடி பாடுவார், அப்புறம் கிட்டார் பதில் சொல்லும். 2015-ல் இறக்கும்வரை இதுதான் அவர் பாணி. வாய் பாடும் நேரத்தில் கை சும்மாதானே இருக்கு! அன்று அதற்கும் வேலை கிடைத்தது.