கணக்கை யார் போடுவது?

ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் கற்பித்துக்கொண்ட ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி, அந்தப் பாத்திரம் துணிந்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானித்துக்கொள்ளும் விளையாட்டு, மேல்நாடுகளில் அரை நூற்றாண்டாகச் செல்வாக்குடன் விளங்கிவருகிறது. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் இயற்றி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வினத்தின் ஆதி நூல். முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகளே. இதில் ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. ‘டன்ஜன் மாஸ்டர்’ எனப்படும் நடுவர் உலகத்தை வர்ணிக்க, மற்றவர்கள் அதனுள் நடமாடுகிறார்கள்.

கதையை வாயால் வளர்ப்பதற்கு விதிகள் எதற்கு என்று கேட்கலாம். தன் வாள் எதிரியின் மேல் பட்டது என்று ஒருவர் சாதிக்க, படவே இல்லை என்று மற்றொருவர் மறுத்தால் அங்கே மத்தியஸ்தம் செய்ய ஏதாவது ஒன்று வேண்டுமல்லவா? அதுதான் விதி. ஆனால் யதார்த்தத்தை எட்டிப் பிடிக்கும் ஆசையால் விதி மேல் விதியாகப் பெருகிற்று. 1979இல் வந்த நடுவர் நூலில், தாக்குகிறவன் எந்த வகுப்பினன், எந்தப் படியை எட்டியவன், எதிரியின் கவசத் தரம் என்ன என்று பார்த்து, இருபது முகப் பகடையில் எத்தனை விழவேண்டும் என்பதைத் தேடி எடுக்கும் அட்டவணைகள் இருந்தன. 1989இல் இரண்டாம் பதிப்பு அந்த அட்டவணைகளுக்குப் பதிலாகத் ‘தாக்கோ’ என்னும் ஒற்றை எண்ணை முன்னிறுத்தியது. அந்த எண் 18, எதிரியின் கவசம் 5 என்றால், கழித்துப் பார்த்து 13 விழவேண்டும் என்று அறியலாம். கவசம் பூஜ்யத்துக்கும் கீழே போய் 2 குறைவென்றாலோ, குறையைக் கழிக்கையில் கூடிவிடும் விசித்திரத்தால் 20 வேண்டியதாகிறது. வேடிக்கை பார்ப்பவருக்கு இது சிரிப்பாக இருக்கும். நள்ளிரவில் சண்டையின் உச்சத்தில் கணக்குப் போடுகிறவருக்கு அப்படி இராது.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு கழித்தலை ஒழித்துக் கூட்டலைக் கொண்டுவந்தது. ஆயினும் ஒரு வாசலில் வெளியேற்றிய சிக்கலை மற்றொரு வாசல் வழியே அழைத்துக்கொண்டது. அனுகூல எண்களுக்கெல்லாம் ஜாதி பிரித்துப் பெயரிட்டு, ஒரே பெயருடைய இரண்டு சேர்ந்தால் பெரியதே செல்லும், வெவ்வேறு பெயருடையவை கூடும் என்று விதித்ததால், மூன்று மந்திரங்களின் அருள் பெற்ற ஒரு வீரன் வாளை ஓங்குமுன் பேரேடு எழுதவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. எதிரியைக் கட்டிப்பிடித்து மடக்குவதற்கான விதியோ, ஆட்டக்காரர்கள் அந்த யோசனையையே கைவிடும்படி செய்யும் அளவுக்குப் பிரசித்தி பெற்றது.

இந்த நிலையில்தான் கணிப்பொறி துணைக்கு வந்தது. 2008இல் வெளியான நான்காம் பதிப்பு, சந்தா செலுத்தினால் பாத்திரத்தைத் தானே அமைத்துக் கூட்டிக் காட்டும் மென்பொருளுடன் கைகோத்து வளர்ந்தது. திறமைகளும் ஆற்றல்களும் ஆயிரக்கணக்கில் பெருகின. கூட்டிப் பார்க்க இயந்திரம் இருக்கிறது என்ற தைரியம் வந்துவிட்டால், விதி எழுதுகிறவர் ஆட்டக்காரரின் தலைச்சுமையை நிறுத்துப் பார்ப்பதை விட்டுவிடுகிறார் என்பது என் அபிப்பிராயம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்தக் கருவி நம்பியிருந்த தொழில்நுட்பம் காலாவதியாகிவிட, சேவை மூடப்பட்டது. புத்தகங்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் சுமந்துவந்த கணக்கை மறுபடியும் கையால் போட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

கருவிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. 2004இல் வந்த ‘ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ்’, 2012இல் வந்த ‘ரோல்20’ போன்ற மெய்நிகர் மேஜைகள் வெவ்வேறு தேசங்களில் சிதறிக் கிடக்கும் நண்பர்களை ஒன்றுசேர்த்தன. கொரோனா காலத்தில் அவை செய்த உபகாரம் சாமானியமன்று. ஆனால் விளக்குக் கொத்தின் சங்கிலியை அறுத்துப் பகைவர் தலையில் வீழ்த்துகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கான பொத்தான் அந்தத் திரையில் இருப்பதில்லை. பொத்தான்களைப் பார்த்துப் பழகிய கண் நாளடைவில் பொத்தான் உள்ள காரியங்களை மட்டுமே யோசிக்கத் தொடங்குவதுதான் கவலைக்குரியது.

விதியின் கணக்கா, நடுவரின் தீர்ப்பா என்னும் இந்த வழக்கு புதியதுமன்று. 1824இல் பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், பகடையும் சேதக் கணக்கும் கொண்ட போர்ப் பயிற்சி விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அவ்வகை விளையாட்டின் கணக்கு வேலை அதிகாரிகளுக்குச் சலித்துவிடவே, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்பவர் அட்டவணைகளை ஒதுக்கி, நடுவரின் அனுபவமே தீர்ப்பு என்றார். அவர் நம்பியது போர்க்களம் கண்ட சேனாபதிகளை. நம் மேஜையின் நடுவரோ பள்ளி மாணவராக இருக்கலாம், அன்று அவருக்கு யார் மேலாவது கோபமும் இருக்கலாம். ஆகவே விதியை அடியோடு துறப்பதும் விவேகமாகாது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு கண்ட உபாயம் எனக்குப் பெரிதும் உவப்பானது. சிறுசிறு கூட்டல்களில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டு, சந்தர்ப்பம் சாதகமானால் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடு, பாதகமானால் சிறியதை எடு என்று அது சொல்லிற்று. பதினொன்றோ அதற்கு மேலோ விழவேண்டிய இடத்தில் 50 சதவீதமாக இருந்த வாய்ப்பு, சாதகமானபோது 75 ஆகிறது. அந்தக் கணக்கை ஒருவரும் போடவேண்டியதில்லை. இவ்வளவு எளிமை வந்த பின்னும், அதற்கென 2017இல் தோன்றிய ‘டி அண்ட் டி பியாண்ட்’ என்னும் மின்னணுத் துணையை ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2022இல் 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கூட்டல் அவ்வளவு சுலபமான பிறகும் அதை மக்கள் நாடுவதற்குக் காரணம், நூற்றுக்கணக்கான மந்திரங்களில் வேண்டியதை நொடியில் எடுத்துத் தரும் நிகண்டு வேலையை அது செய்வதுதான் என்று தோன்றுகிறது. அந்த வேலைக்குக் கணிப்பொறியை விடச் சிறந்த ஊழியன் கிடையாது.