முதுமைக்கும் இடந்தரும் இல்லம்

வீடு கட்டத் தொடங்கும் அங்கத்தினர் முதலில் விசாரிப்பது மனையின் திசை. அடுத்து விசாரிப்பது செங்கல் விலை. இருபது ஆண்டுகளுக்குப் பின் தம் முழங்கால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து வாசலின் உயரத்தைத் தீர்மானிப்பவர் மிக அரியர். ஆயினும் வீட்டின் பயன் அக்கேள்வியைப் பொறுத்தே நிற்கிறது.

போடிநாயக்கனூர் வட்டாரத்து உழைப்பு இடுப்பையும் முழங்காலையுமே பெரிதும் தேய்க்கிறது. ஏலச்செடியின் காய்கள் தூரடியில், தரையையொட்டிப் படரும் சரங்களிலே காய்க்கின்றன. ஆதலின் விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியே தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் பகல் முழுதும் குனிந்தும் குந்தியுமே காய் பறிக்கின்றனர். குழித்தறியில் நெய்பவரோ குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, நாளொன்றுக்குப் பலமுறை கைகளை ஊன்றி மேலேறுகிறார். இப்படி உழைத்து மூத்தவர்கள் வந்தடையும் வீட்டின் முன்னே ஐந்து படிகளும், கொல்லைக் கோடியில் குந்தி அமரும் கழிப்பறையும் இருக்கின்றன. இரவில் எழுந்து அங்கே செல்ல அஞ்சும் மூதாட்டி, பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறாள். வீட்டார் அதனை அவளுடைய பழக்கம் என்கின்றனர். அது வீட்டின் குறை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமாகவே நெடுந்தூரம் தெற்கே சென்றால் தென்காசியை அடுத்து ஆய்க்குடி என்னும் ஊர் உண்டு. பொறியியல் மாணவராயிருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975-ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். அவர் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அதனை வளர்த்தார். தசைச் சிதைவு நோயுற்ற கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஆற்றலுடையவர் நம் தெருவுக்கு வந்தால் எத்தனை வீடுகளுக்குள் நுழைய இயலும்? அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் என்பவரும் ஒன்பதாம் வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரே. இயலாதவருக்கென்று தனிவழி வைப்பதை விட்டு, எல்லார்க்கும் பொதுவாகவே கட்டடத்தை வகுக்க வேண்டும் என்று அவர் 1980-களில் வற்புறுத்தினார். சாய்தளம் முதியவருக்கு மட்டுமா உதவும்? ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்து வருபவரும், கர்ப்பிணியும், நடைவண்டி தள்ளும் குழந்தையும் அதன் வழியேதான் செல்வர்.

சாய்தளத்திற்குக் கணக்கு உண்டு. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மழைநீருக்கு அஞ்சித் தளத்தை இரண்டடி உயர்த்தினால் இருபத்து நான்கு அடி ஆகிவிடுகிறது. சிறிய மனையில் அதற்கு இடமேது? எனவே நீர் ஓடும் வழியை முதலில் ஒழுங்கு செய்து, தளத்தை வேண்டிய அளவுக்கு மட்டுமே உயர்த்துக. சாய்தளத்தைப் பக்கச் சுவரையொட்டித் திருப்பி, இடையில் சமதளமாக ஒரு நிற்குமிடம் விடலாம்.

மலைச்சரிவில் மனை உடையவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்களிற் பலர் பள்ளத்துப் பக்கம் வாசலை வைத்துப் படிகளை அடுக்குகின்றனர். மேட்டுப்பக்கத்தில் பாதையின் மட்டமும் வீட்டுத்தளத்தின் மட்டமும் ஒன்றாகும்படி வாசலை அமைத்தால் படியே தேவையில்லை. ஆனால் மேட்டிலிருந்து வரும் மழைநீர் உட்புகாதபடி சுவருக்கு அப்பால் வாய்க்கால் வெட்டி, வாசலுக்கு நேரே அதன்மேல் கம்பி மூடி பதிக்க வேண்டும். இதனை மறந்தவர் முதல் ஐப்பசியிலேயே வருந்துவர்.

வாயில் மூன்றடி அகலம் இருக்கட்டும். நிலையின் கீழ்க்கட்டையைத் தரையோடு தரையாகப் பதிக்கலாம். மஞ்சளும் குங்குமமும் இடுவதற்கு மரம் நான்கு அங்குலம் எழும்பி நிற்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொன்னதாகத் தெரியவில்லை.

கழிப்பறையில்தான் அதிகக் கவனம் வேண்டும். அது வீட்டுக்குள்ளேயே, படுக்குமிடத்திற்கு அருகில் இருத்தல் நலம். நாற்காலிபோல் அமரும் பீடத்தின் உயரம் ஒன்றரை அடி. அதன் பக்கத்துச் சுவரில் ஒன்றரை அங்குலக் கனமுள்ள குழாயைக் கைப்பிடியாகப் பதிக்க வேண்டும். உடல் முழுதும் அதன்மேல் சாயும். பூச்சில் மட்டும் முளையடித்த கைப்பிடி ஒருநாள் கையோடு வந்துவிடும். ஆதலின் சுவர் எழும்பும்போதே அவ்விடத்தில் கான்கிரீட் கட்டி வைக்குமாறு கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை யாராலும் தள்ள இயலாது. தரைக்குச் சொரசொரப்பான ஓடு போதும். பளபளப்பு முன்னறையோடு நிற்கட்டும்.

நெசவாளர் வீட்டில் தறிக்குழி தனிப் பிரச்சினை. கண் மங்கியவருக்கும் தவழும் குழந்தைக்கும் அது ஆபத்து. நெய்யாத வேளையில் பலகையிட்டு மூடவேண்டும். புதிதாகக் கட்டுபவர், தரைமேல் மரச்சட்டத்தில் நிற்கும் தறிக்கு இடம் விடுவது உசிதம். பலகையில் அமர்ந்து நெய்பவர் குழியிலிருந்து ஏற வேண்டியதில்லை. குழித்தறிதான் வேண்டும் என்போர் ஏறும் பக்கத்தில் உறுதியான பிடிகட்டை ஒன்றேனும் நட்டுக்கொள்ளலாம்.

இவையெல்லாம் பெரிய வீட்டுக்கே பொருந்தும் என்று எண்ண வேண்டா. 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அந்த அளவிலும் அகன்ற வாயிலும் வெளியே திறக்கும் கதவும் அமையும்.

மேலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, அரசின் வீட்டு வசதித் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அதில் பெண்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் விதிக்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களே இதற்கு உரியர். தகுதியிருந்தும் சான்றும் அடையாள அட்டையும் பெறாத அங்கத்தினர்கள், வீட்டுக்கு விண்ணப்பம் எழுதுமுன்பே தேனியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி அவற்றைப் பெற்று வைத்துக்கொள்க.