மெடிக்கல் ஷாப்பில் காலாவதி மாத்திரை புகுந்து விடுவது எப்படி? உஷாரான கடைக்காரர்கள் கணக்கு வைப்பது இப்படித்தான்!

தெருமுனையில் இருக்கும் சின்ன மெடிக்கல் ஷாப்பில்கூட நூற்றுக்கணக்கான மருந்துகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்ச் நம்பர், ஒரு காலாவதி தேதி. தேதி முடிந்த மாத்திரையை விற்பது சட்டப்படி குற்றம். விற்காமல் தேங்கிப்போனாலோ முதலாளிக்கு கைக்காசு நஷ்டம்.

அதனால் விவரமான கடைக்காரர்கள், எந்த சரக்கு முதலில் வந்தது என்று பார்ப்பதில்லை. எதற்கு தேதி முதலில் முடிகிறதோ அதைத்தான் முன்னால் அடுக்குகிறார்கள். நேற்று வந்த பெட்டியில் தேதி சீக்கிரம் முடிவதும் உண்டு. மாதம் ஒருமுறை அலமாரியை அலசி, ஆயுள் குறைந்த சரக்கை மொத்த வியாபாரிக்கு திருப்பி அனுப்ப தனியாக எடுத்து வைப்பார்கள். அதற்கும் கெடு உண்டு. அசந்தால் அவர் கைவிரித்து விடுவார்.

கத்தரிக்கோல் வெட்டு

பெரிய ஓட்டை கத்தரிக்கோலில்தான் இருக்கிறது. 10 மாத்திரை உள்ள அட்டையில் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் தேதி இருக்கும். "நாலு மட்டும் குடுங்கண்ணே" என்று கேட்பவருக்கு அந்த பக்கமாகவே வெட்டிக் கொடுத்துவிட்டால், மிச்சம் 6 மாத்திரைக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. கம்ப்யூட்டரில் என்ன கணக்கு வைத்தாலும் அந்த துண்டு அட்டை டப்பாவுக்குள் ஒளிந்து கொள்ளும். எனவே தேதி இல்லாத பக்கத்தில் இருந்து வெட்ட வேண்டும்.

அப்போ வாங்கிப் போகிறவருக்கு தேதி எப்படி தெரியும்? அதற்குத்தான் பில். ஒழுங்கான பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி மூன்றும் இருக்கும். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை சாப்பிடலாம். "பில்லு எதுக்குண்ணே, மாத்திரையை குடுங்க" என்று போகிறவர்கள்தான் அதிகம்!

2010-ம் ஆண்டு சென்னையை உலுக்கிய காலாவதி மருந்து மோசடியை பலர் மறந்திருக்க மாட்டார்கள். கொடுங்கையூர் குப்பை கிடங்குக்கு போன மருந்துகளை பொறுக்கி, தேதியை மாற்றி மீண்டும் கடைகளுக்கு தள்ளியது அந்த கும்பல். பில் இல்லாமல் மலிவாக வரும் சரக்கை கடைக்காரர் தொடக்கூடாது என்பது இதனால்தான்.

3 வருட நோட்டு

2014 மார்ச் 1-ந்தேதி முதல், வீரியமான சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரைகளுக்கு தனி நோட்டு போட வேண்டும். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும். நோட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டு கேட்டால் கோபப்படும் வாடிக்கையாளருக்கு இது தெரிவதில்லை.

கல்லா விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஒரே ஆள் பில் போட்டு, காசு வாங்கி, சரக்கையும் எண்ணினால் குறைவது வெளியே தெரியாது. விலை கூடிய இன்சுலின், ஊசி மருந்துகளையாவது முதலாளியே இரவு ஷட்டர் இறக்கும் முன் எண்ணி, பில்லோடு ஒத்துப்பார்ப்பது நல்லது. கணக்கு இடித்தால் அன்றைக்கே கேட்டுவிடலாம்.