வெள்ளைக்கல் நிலத்தின் நீரும் தொட்டிச் செடிகளும்

மீன் தொட்டியில் நீர்ச்செடிகள் வளர்ப்போர் கடைகளில் வாங்கும் சொட்டுச் சோதனை நீரின் கடினத்தன்மையை ஒரே எண்ணாகக் காட்டிவிடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியிலோ அந்த ஓர் எண் போதாது. கடினத்தன்மை என்பது நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகிய இரண்டின் கூட்டளவு. சேர்வராயன் மலையடிவாரத்தில், உள்ளூரார் வெள்ளைக்கல் என்றழைக்கும் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட், பாறை விரிசல்களில் நரம்பு நரம்பாகப் படிந்திருக்க, சங்ககிரிப் பக்கம் சிமென்ட்டுக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் கால்சியத்தால் ஆனது. மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகும் மழைநீர் இவற்றைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால், சோதனையில் ஒரே எண்ணைக் காட்டும் இரு போர் தண்ணீரில் ஒன்று கால்சியத்தாலும் மற்றொன்று மெக்னீசியத்தாலும் கடினமாகியிருக்கக்கூடும்.

இலைப் பச்சையத்தின் மைய அணு மெக்னீசியம் என்பதால், அது குறைந்தால் முதிர்ந்த இலைகள் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகும். கால்சியம் குறைந்தாலோ பழைய இலைகள் நன்றாயிருக்க, புதுக் குருத்துகள் மட்டும் சுருண்டு கோணலாக வரும். வெள்ளைக்கல் பகுதியின் போர் தண்ணீரை ஆர்.ஓ. நீருடன் கலந்து இளக்கியபின் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த ஆயத்த உப்புக் கலவையைக் கொட்டுவது, மிகையாக இருப்பதையே மேலும் மிகையாக்கும் வீண்செலவு. அங்கே வேண்டுவது பெரும்பாலும் ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் மட்டுமே. நூறு லிட்டர் நீரின் கடினத்தன்மையை ஒரு பாகை, அதாவது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் ஜிப்சம் போதும். முற்றிலும் ஆர்.ஓ. நீரையே நம்பும் தொட்டிக்கு மட்டும் மெக்னீசியம் தரும் எப்சம் உப்பும் சிறிது தேவைப்படும். ஆர்.ஓ. நீருக்குப் பதிலாக வீட்டு நீர் மென்மையாக்கும் கருவி உதவாது, ஏனெனில் அது கால்சியத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் சோடியத்தை விடுகிறது.

ஜிப்சம் கார உப்புகளைக் கூட்டுவதில்லை. அமில-கார நிலையைத் தாங்கிப்பிடிக்கும் பைகார்பனேட், போர் தண்ணீரின் பங்கிலிருந்தே வந்துவிடும். வாலிஸ்நேரியா போன்ற செடிகள் கரியமில வாயு குன்றும்போது பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்வதால், அவற்றின் இலைமேல் விரலால் சுரண்டினால் பொடியாக உதிரும் வெண்படலம் படிகிறது.

அலங்காரத்துக்கு வைக்கும் கற்களிலும் கவனம் வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் வினிகர் விட்டால் நுரைக்கும். மேக்னசைட்டோ குளிர்ந்த வினிகருக்கு அசைந்து கொடுக்காது. ஆகையால் நுரைக்காத வெள்ளைக் கல்லையும், சேலத்தில் எடுத்ததாயின், ஒரு வாளி ஆர்.ஓ. நீரில் சில வாரம் ஊறவைத்து, கடினத்தன்மை ஏறுகிறதா என்று அளந்த பிறகே தொட்டியில் இறக்குவது நல்லது.